அரை மேசை

பிப்ரவரி 24, 1997, திங்கள்

இல்லை, அது கல்யாணம் அல்ல. அப்பா இறந்த நாற்பதாம் நாள்.

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிராமில், மாடிப்படியில், இப்போது இங்கே.

எங்கள் மாணவர் கணித இதழின் அடுத்த வெளியீட்டுக்கு அச்சு மெய்ப்பு இன்று வந்தது. ஏழாம் வகுப்புப் பகுதி, கணக்கு எண் 412. ஒரு கல்யாண விருந்து. மேசைக்கு நான்கு பேராக உட்கார்ந்தால் இத்தனை பேர் நிற்கிறார்கள். ஆறு பேராக உட்கார்ந்தால் மூன்று மேசைகள் காலி. வந்தவர்கள் எத்தனை பேர்? கீழே, எங்கள் வழக்கப்படி, இயற்றியவர் பெயரும் ஊரும். யுஸ்டின் செர்னாட், பொட்டோஷானி.

எண்களைக்கூட நான் சரியாகப் படிக்கவில்லை. மேசை என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது.

செப்டம்பரில் நாற்பதாம் நாள் முடிந்து ஊரிலிருந்து திரும்பும் ரயிலில் அந்தக் கணக்கை உருவாக்கினேன். கணக்கைக்கூட அல்ல. முற்றத்தில் நின்ற மேசைகள் தலையை விட்டுப் போகாமல் நின்றன. அவற்றை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. யுஸ்டின் நிலையத்துக்கு வந்திருந்தான். அப்போது எங்களுக்குள் எல்லாம் இருந்தது. தேநீர்க் கடையில் காகிதக் கைக்குட்டையில் எழுதிக் காட்டினேன். "சோகமா இருக்கு," என்றான். "ஆனா சுத்தமா இருக்கு."

சுத்தமாக இருந்ததை எடுத்துக்கொண்டான். சோகத்தை விட்டுவிட்டான். ஜனவரியில் என்னை விட்டுப் போனதும் ஏறக்குறைய அதே முறையில்தான்.


பிப்ரவரி 26, புதன்

ஹ்ரிப் சாரிடம் சொன்னேன். இருபது வருடமாக இந்த இதழை நடத்துகிறவர். மேசையில் எப்போதும் ஒரு பாதி கடித்த ஆப்பிள்.

"மேசை நாற்காலிக் கணக்கு உலகத்துல எத்தனை இருக்கு, ஸம்ஃபிரா? அதுக்கெல்லாம் அப்பன் யாருன்னு நான் தேடிக்கிட்டிருக்க முடியுமா?"

"இதுக்கு யாருன்னு தெரியும் சார். நான்தான்."

"சரி, நீயே அனுப்பியிருக்கலாம்ல?"

"இதழ்ல வேலை பாக்குறவங்க கணக்கு அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." ஆப்பிளைக் கடித்தார். "நல்ல விதிதான் அது. பாரும்மா, அந்தப் பையனுக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல ஆசிரியர் தகுதி உயர்வு வருது. அச்சான கணக்குக்கு ஒண்ணொண்ணா புள்ளி போடுவாங்க. காதல் முறிஞ்சதுக்கு என் இதழ்ல பஞ்சாயத்து வைக்காதே. நீ சரிபார்க்குறவ. சரிபாரு."

ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்து ஓரத்தில் கையெழுத்திடுவது என் வேலை. கையெழுத்து என்றால் இரண்டு எழுத்து. அது அச்சாகாது.

வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. ஒரு கணக்குக்குக் கீழே ஒரு பெயர், அதற்காக இவ்வளவா? இந்த நாட்டில் எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் ஒரு பிள்ளை நம் கணக்கைத் திறந்து, நம் பெயரைப் படித்து, நம் ஊரைப் படித்து, பிறகுதான் பென்சிலை எடுக்கும். தீர்த்து அனுப்பினால் அதன் பெயரும் ஊரும் அடுத்த இதழில் வரும். பெயருக்குப் பெயர். எங்களிடம் வேறு எதுவும் இல்லை.


மார்ச் 1, சனி

டிராம் நிறுத்தத்தில் யுஸ்டின். கையில் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல், அதில் தகரப் பறவை ஒன்று. வசந்தம் பிறக்கும் இந்த நாளில் பெண்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுப்பது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு கிழவிகள் எங்களைப் பார்த்து உருகிவிட்டார்கள்.

"குத்திக்கோ, ஸம்ஃபி. கெட்டதை நினைக்காத."

"நாற்பதாம் நாளைக் கல்யாணம் ஆக்கிட்டியே."

"பின்ன? பன்னெண்டு வயசுப் பசங்களுக்குக் கருமாதிச் சோறா போடுறது? மாத்தினேன். மாத்தினதும் அது வேற கணக்கு. உனக்குத் தெரியாதா?"

"மூணு மேசை?"

"மூணுங்குற நம்பரை நீயா கண்டுபிடிச்ச?" சிரித்தான். "சும்மா ஒண்ணும் எடுக்கல, நானும் வேலை செஞ்சிருக்கேன். உன்னுதுல ஆறு ரெண்டு தடவ வந்துச்சு. ஆறு பேர் நிக்கிறாங்க, ஆறு பேர் உக்கார்றாங்க. கண்ணை உறுத்துது. நிக்கிறவங்களை அஞ்சு ஆக்கினேன். கேள்வியும் நீளமா இருந்துச்சு. 'எத்தனை பேர், எத்தனை மேசை'ன்னு. மேசையை எவன் கேட்டான்? வெட்டிட்டேன். இப்ப அழகா இருக்கு."

டிராம் வந்தது. கிழவிகளில் ஒருத்தி, "வாங்கிக்கோ கண்ணு, பையன் நல்லாத்தான் இருக்கான்," என்றாள்.

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்?


மார்ச் 2, ஞாயிறு

நிற்பவர்கள் ஐந்து.

ஆட்கள் x. மேசைகள் y. நான்கு பேராக: x = 4y + 5. ஆறு பேராக: x = 6(y − 3).

நீக்கல் முறையில் போட்டேன், அவனும் அப்படித்தான் போட்டிருப்பான். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்: எது வேண்டாமோ அதை நீக்கு. முதலாவதை மூன்றால் பெருக்கி, இரண்டாவதை இரண்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் y காணாமல் போகிறது. x = 51. ஐம்பத்தொரு பேர். முழு எண். சரி பார்த்தாயிற்று, பேனாவை மூடு.

மூடவில்லை. y-ஐத் திரும்பக் கூப்பிட்டேன்.

பதினொன்றரை.

பதினொன்றரை மேசைகள்.

சமையலறையில் தனியாகச் சிரித்தேன், அடுத்த வீட்டுக்காரி சுவரைத் தட்டும்வரை. கேள்வியிலிருந்து மேசைகளை வெட்டினான். அதனால் அவன் கணக்கிலும் மேசைகளைப் பார்க்கவே இல்லை. ஆறை ஐந்தாக்கியது அழகுக்காக. அழகுக்காக ஒரு மேசையை நடுவில் அறுத்துவிட்டான்.

என் கணக்கில் பன்னிரண்டு மேசைகள், ஐம்பத்துநான்கு பேர். அது இயற்றியது அல்ல. நான் எண்ணியது.

செவ்வாய்க்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். பென்சிலால் ஒரு கோடு போதும். ஐந்தை அடித்து ஆறு. அவனுடைய கணக்கு குறையில்லாமல் நிற்கும், அவன் பெயரோடு. நானே என் கையால் அதை அவனுக்குத் துலக்கிக் கொடுத்ததாக ஆகும்.

கோடு போடாவிட்டால்? நாடு முழுக்கப் பிள்ளைகள் எழுதுவார்கள். அரை மேசையா, செர்னாட் சார்? எப்படி சார்?


மார்ச் 4, செவ்வாய்

ஐந்தை ஐந்தாகவே விட்டேன். கையெழுத்திட்டேன்.


மார்ச் 8, சனி

மகளிர் நாள். அம்மாவுக்குத் தொலைபேசினேன். பூ வாங்கித் தர அப்பா இல்லாத முதல் வருடம்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. அம்மா, அன்னிக்கு மூணு மேசை ஏன் மிஞ்சிச்சு?"

"என்னிக்கு?"

"நாற்பதாம் நாள்."

"இப்ப எதுக்குடி அது?" நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். "மேசைக்கு நாலு பேருன்னு நான்தான் போட்டேன், நெருக்காம உக்காரட்டும்னு. ஆறு பேரு நிக்க வேண்டியதாப் போச்சு. உன் சித்தப்பன் வேற, 'இதுக்குத்தான் எங்கிட்ட கேட்டிருக்கணும்'னு ஆரம்பிச்சுட்டான். அதுக்குள்ள மழை. எல்லாரும் கொட்டகைப் பக்கம் இருந்த மேசைங்களுக்கு ஓடி, ஆறு ஆறா நெருக்கிக்கிட்டாங்க. மூணு மேசை முற்றத்துல நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. துணியோட, தட்டோட."

"ஆமா."

"உங்கப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரா? இரவல் மேசை. ஓடிப்போய் உள்ள எடுத்து வச்சிருப்பாரு."

நானும் எடுத்து வைக்கவில்லை. நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.


மார்ச் 27, வியாழன்

இதழ் வந்துவிட்டது. மை வாசனை. 412 பக்கத்தின் நடுவில், நல்ல இடத்தில்.


ஏப்ரல் 9, புதன்

உறைகள் வரத் தொடங்கின. காலையில் சீக்கிரமே போய்விடுகிறேன். ஹ்ரிப் சார், "என்னம்மா, இப்பல்லாம் வேலை மேல இவ்வளவு ஆசை," என்கிறார். தபால்காரரின் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறேன்.

முதல் உறை: 51.

அடுத்தது: 51. சிவப்பு மையில் இரண்டு கோடு அடித்து, விடை 51.

அடுத்தது. அடுத்தது. அழகான கையெழுத்து, அசிங்கமான கையெழுத்து, ஜாம் கறை. எல்லாரும் முதலாவதை மூன்றால் பெருக்கினார்கள். எல்லாரும் இரண்டாவதை இரண்டால் பெருக்கினார்கள். எல்லாரும் மேசைகளை நீக்கினார்கள்.

ஒரு பையன் கீழே எழுதியிருக்கிறான்: 'நல்ல கணக்கு. எளிதாக இருந்தது.'

ஒருவருக்கும் மேசை வேண்டாம். நான் யாருக்காகப் பொறி வைத்தேன்? எலிகள் அதன் மேலேயே நடந்து போகின்றன.


ஏப்ரல் 11, வெள்ளி

யுஸ்டின் அலுவலகத்துக்கு வந்தான், ஹ்ரிப் சாருக்கு ஒரு புட்டி பிளம் சாராயத்தோடு. 412-க்கு இதுவரை வந்த அளவு வேறு எந்தக் கணக்குக்கும் இந்த வருடம் உறை வரவில்லையாம். இருவரும் ஆளுக்கு ஒரு மடக்கு. எனக்கும் நீட்டினான்.

"பாத்தியா, கல்யாணம்னா எல்லாரும் வருவாங்க."


ஏப்ரல் 15, செவ்வாய்

ஒன்று வந்தது.

கோடு போட்ட பயிற்சி நோட்டிலிருந்து கிழித்த பக்கம். டோம்னிகா அயோவனெய், ஏழாம் வகுப்பு, வலெனி. சமன்பாடுகள் சரி. x-ம் சரி. ஆனால் இவள் y-ஐயும் கண்டுபிடித்திருக்கிறாள். பிறகு நம்பாமல் மேசைகளை வரைந்திருக்கிறாள், சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒவ்வொன்றையும் சுற்றிப் புள்ளிகள். பதினொரு கட்டம். அதற்குப் பக்கத்தில் அரைக் கட்டம். அழித்திருக்கிறாள், மறுபடி வரைந்திருக்கிறாள்; காகிதம் அந்த இடத்தில் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருக்கிறது.

விடை என்ற இடத்தில் எதுவும் இல்லை. கீழே:

'எனக்கு அரை மேசை வருகிறது. எத்தனை முறை போட்டாலும் வருகிறது. அச்சில் வந்தது தவறாக இருக்காது என்று ஆசிரியை சொன்னார். என் தவறு எங்கே என்று தயவுசெய்து எழுதுங்கள்.'

இதற்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தேன். அவனுக்கு எதிராக ஒரு கை உயரட்டும் என்று. உயர்ந்த கை இப்படிக் கேட்கிறது: என் தவறு எங்கே?

பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள டோம்னிகா' வரை வந்தது.


ஏப்ரல் 18, வெள்ளி

தொலைபேசி. நான்தான் எடுத்தேன்.

"ஹலோ? கணக்குப் புஸ்தகம் ஆபீஸா? நான் வலெனில இருந்து பேசறேன், லெனூட்சா அயோவனெய். தபால் ஆபீஸ்ல இருந்து. எங்க ஊர்ல இங்க மட்டுந்தான் போன். எம் பொண்ணு உங்களுக்கு லெட்டர் போட்டா. வந்துச்சா?"

"வந்தது."

"அப்ப சொல்லுங்க, அவ கிறுக்கா?"

"இல்லம்மா."

"ஏன் கேக்குறேன்னா, வகுப்புல எல்லாரும் அம்பத்தொண்ணு. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. இவ மட்டும் எந்திரிச்சு அரை மேசைன்னிருக்கா. டீச்சர் நாலு போட்டாங்க. நாலு! அதுல ஒண்ணு சும்மா வகுப்புக்கு வந்ததுக்குக் குடுக்குறது. இப்ப ஊரே அவள 'அரைமேசை'ன்னு கூப்பிடுது. கடைக்கு அனுப்பினா, 'வா அரைமேசை, அரை ரொட்டியா வேணும்?'ங்குறான் கடைக்காரன். பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. மமலிகா களி கிண்டி வச்சா தொட மாட்டேங்குறா. கட்டம் கட்டமா வரைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

பின்னால் ஒரு ஆண் குரல்: "லெனூட்சா, பென்ஷன் வாங்கணும், சீக்கிரம் முடி!"

"நீ சாகப் போறியா? இரு!" மறுபடி என்னிடம், குரலைத் தணித்து: "அம்மா, எனக்குப் படிப்பு இல்ல. ஆனா நானும் நாலு கல்யாணத்துக்கு மேசை போட்டிருக்கேன். அரை மேசைன்னு ஒண்ணு கெடையாது. அவ தப்பா போட்டிருந்தா தப்புன்னு சொல்லிருங்க, நாலு அடி வச்சு பள்ளிக்கூடம் அனுப்பிருவேன். சரியா போட்டிருந்தா... அப்ப அந்தக் கல்யாணம் யாரு வீட்டுக் கல்யாணம்? என்னதான் மேசை போட்டாங்க?"

யார் வீட்டுக் கல்யாணம்.

"அவ போட்டது சரி," என்றேன். "கணக்குதான் தப்பு. அடிக்காதீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஏய், கேட்டுக்கோங்கடா! கணக்குதான் தப்பாம்!" தொலைபேசியில் அல்ல, தபால் நிலையத்துக்கு. பிறகு, என்னிடம்: "அத அச்சுல போடுங்கம்மா. வாயால சொன்னா இங்க எவனும் நம்ப மாட்டான்."


ஏப்ரல் 22, செவ்வாய்

எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி. ஹ்ரிப் சார், யுஸ்டின், நான். நடுவில் டோம்னிகாவின் தாள்.

யுஸ்டின் நீண்ட நேரம் பார்த்தான். காது சிவந்தது. அந்தச் சிவப்பை எத்தனை நாள் கற்பனை செய்திருப்பேன். பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு காது, அவ்வளவுதான்.

"அச்சுப்பிழை," என்றான்.

"எது?" என்றார் ஹ்ரிப் சார்.

"எதோ ஒரு எண்." என் பக்கம் திரும்பினான். என்னைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்து: "எத்தனை இருக்கணும்?"

அவனுக்குத் தெரியவில்லை. போட்டுப் பார்க்கக்கூட இல்லை. பேனா அவன் கையில்தான் இருந்தது.

"ஆறு," என்றேன்.

"ஆங். ஆறு. என் மூலத்துல ஆறுதான் இருந்துச்சு, சார்."

ஹ்ரிப் சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முட்டாள் அல்ல. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் போடாமல் கையெழுத்திட மாட்டேன் என்பதும் தெரியும். "ஸம்ஃபிரா," என்றார், "நீ இதைப் போட்டுப் பாத்தியா, இல்லையா?"

பார்க்கவில்லை என்று சொன்னால், கவனக்குறைவு. பார்த்தேன் என்று சொன்னால்?

"பாத்தேன்."

யுஸ்டினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவன் முகத்தில் வந்தது கோபம் அல்ல. நிம்மதி. ஆமாம், நிம்மதி. இப்போது அவனும் என்னை ஒன்றுக்காகக் குற்றம் சொல்லலாம்.

"பசங்களை வச்சா விளையாடுவ?" என்றான். மெதுவாக. அவன் சொன்னதிலேயே உண்மையானது அதுதான்.

ஹ்ரிப் சார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: 'கணக்கு 412-இல், சரிபார்ப்பில் நேர்ந்த பிழையால், 6 என்பது 5 என அச்சாகிவிட்டது. இயற்றியவரின் மூலத்தில் 6 என்றே இருந்தது.'

திரும்பப் படித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரிபார்ப்பில்தான் பிழை நேர்ந்தது. இயற்றியவரின் மூலத்தில் ஆறுதான் இருந்தது.

"51-ன்னு எழுதினவங்க எல்லார் பேரும் பட்டியல்ல வரட்டும்," என்றார். "பாவம், பசங்க மேல என்ன தப்பு."

"இந்தப் பொண்ணு பேரு?"

"விடைன்னு ஒண்ணும் எழுதலையேம்மா. விடை இல்லாம பட்டியல்ல எப்படி ஏத்துறது?"

"பிழையைக் கண்டுபிடிச்சது அவதான். திருத்தத்துக்குக் கீழ போடலாம்."

"திருத்தத்துக்குக் கீழ யாராவது பேர் போடுவாங்களா? கணக்குக்குத்தான் பேரு. பிழைக்கு ஏது பேரு?"

மே மாத இறுதியோடு எனக்கு வேலை இல்லை. அதையும் அவரே சொன்னார், ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு. கணக்கு அவனுக்கு, பிழை எனக்கு. பங்கு பிரித்தாயிற்று.


ஏப்ரல் 23, புதன்

டோம்னிகாவுக்கு எழுத முடியவில்லை. உன் தவறு எங்கும் இல்லை என்று எழுதினால் அடுத்த வரி என்ன? தெரிந்தேதான் உன்னிடம் அனுப்பினேன் என்றா? உன்னை நினைக்கவே இல்லை. அவனை மட்டும் நினைத்தேன். எது வேண்டாமோ அதை நீக்கு. நானும் நல்ல மாணவிதான்.

அந்த மூன்று மேசைகள். துணியோடு, தட்டோடு.


ஏப்ரல் 24, பெரிய வியாழன்

அடுத்த இதழின் மெய்ப்பு. கட்டடம் காலி, எல்லாரும் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட வீட்டுக்குப் போய்விட்டார்கள். திருத்தம் கடைசிப் பக்கத்தில், அடிக்கோட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. பென்சிலால் அல்ல, மையால் எழுதினேன்: பிழையைக் கண்டவர், டோம்னிகா அயோவனெய், வலெனி. எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஓரத்தில் கையெழுத்திட்டு, அச்சகத்தில் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்க ஊருக்குப் பேருந்து ஏறினேன்.